கோடு மேடமும் நடுப்பகல் பள்ளமும்

எங்கள் கால்நடைத் தீவன ஆய்வு நிலையத்தில் அவரைக் கோடு மேடம் என்றுதான் சொல்வோம். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. அவர் அதைப் பட்டப்பெயராக நினைக்கவில்லை. பதவிப் பெயராக எடுத்துக்கொண்டார். தொலைபேசியை எடுத்தால், "கோடு மேடம் பேசறேன்" என்றே ஆரம்பிப்பார்.

அவர் எங்களிடம் வந்தது தற்செயல். அதற்கு முன் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தார். கணக்குப் பிரிவில் சேர ஆள் குறைந்துகொண்டே போய், கடைசியில் ஒரே ஒரு மாணவி மிஞ்சினாள். அவளும் பாதியில் கல்யாணமாகிப் போய்விட்டாள். கரும்பலகையோடு மட்டும் எத்தனை நாள் பேசுவது என்று அவர் வேறு வேலை தேடியபோது எங்கள் விளம்பரம் கண்ணில் பட்டது. வாயு உற்பத்தியைக் கணித மாதிரியாக்கத் தெரிந்தவர் தேவை என்று போட்டிருந்தோம். ஏதோ தொழிற்சாலை என்று நினைத்து விண்ணப்பித்தார்.

நேர்காணலில் இயக்குநர், "இது மாட்டு வயித்துல வர்ற வாயுங்கம்மா" என்றார்.

அவர் அசரவில்லை. "எங்கேருந்து வந்தா என்ன சார்? நேரம் போகப் போக ஏறுதா இல்லையா?"

அன்றே வேலை கொடுத்துவிட்டார்கள். ஆனால் தற்காலிக வேலை. ஒவ்வொரு வருடமும் புதுப்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அங்கே நடந்த வேலையைச் சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். ஒரு தீவனம் மாட்டுக்கு எவ்வளவு செரிக்கும் என்று கண்டுபிடிப்பது எங்கள் தொழில். அதற்காக ஒரு பசு வைத்திருந்தோம். அதன் விலாவில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதற்கு ஒரு ரப்பர் மூடி. வலியெல்லாம் ஆறி வெகுகாலம் ஆகிவிட்டது. மூடியைத் திறந்தாலும் பசு அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருக்கும். பசுவுக்கு ஜன்னல் என்று பெயர். காலையில் தீனி வைக்கும் முன் ஜன்னலின் முதல் வயிற்றிலிருந்து கொஞ்சம் சாறு எடுத்து, ஆறிவிடாமல் பிளாஸ்கில் கொண்டுவந்து, துணியில் வடிகட்டி, பெரிய கண்ணாடி சிரிஞ்சுகளில் ஊற்றுவோம். ஒவ்வொரு சிரிஞ்சிலும் ஒரு சிட்டிகை தீவனத் தூள். எல்லாவற்றையும் பீரோ அளவுள்ள ஒரு சூட்டுப்பெட்டிக்குள் ஒரு சக்கரத்தில் செருகிவிட்டால், பசுவின் உடம்புச் சூட்டில் அவை மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். சாற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் தீவனத்தைத் தின்று வாயு விடும். வாயு சிரிஞ்சின் தண்டை வெளியே தள்ளும். எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று குறித்த நேரங்களில் படித்து எழுத வேண்டும். திங்களன்று தொடங்கினால் வெள்ளிவரை ஓடும். அதுதான் ஓர் ஓட்டம். படிப்பவருக்கு மூக்குக்கண்ணாடி என்று பெயர். கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தி, அதற்கு மேல் வழியாகத்தான் சிரிஞ்சைப் பார்ப்பார்.

அவர் எழுதிய எண்கள் மாடிக்குப் போகும். மாடியில் மேடம் அவற்றைப் புள்ளிகளாக வைத்து, புள்ளிகளுக்கு ஊடே போகும் கோட்டைக் கண்டுபிடிப்பார். விருந்துக்கு வந்தவர் சாப்பிடுவது மாதிரி அந்தக் கோடு. முதலில் கூச்சம், பிறகு விறுவிறுப்பு, அப்புறம் வயிறு நிரம்பிச் சாய்ந்துவிடுவது. கூச்சம் எவ்வளவு நேரம், வேகம் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு கொள்ளும் என்று மூன்று எண்கள் சொன்னால் போதும், ஒரு தீவனத்தின் ஜாதகமே கையில் வந்துவிடும்.

வீட்டில் இதற்கெல்லாம் பெரிய மரியாதை இருந்ததாகச் சொல்ல முடியாது. அவர் கணவர் பம்பு ரிப்பேர் செய்பவர். காலையில் சமையல் அவர் பொறுப்பு. மனைவியின் சாப்பாட்டுப் பெட்டியையும் அவர்தான் கட்டிக்கொடுப்பார். பக்கத்துத் தெருவில் இருந்த நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்வார்.

"அண்ணி, ஊர்ல எல்லாரும் காத்தை விட்டுட்டு யாரு விட்டாங்கன்னே தெரியாத மாதிரி இருப்பாங்க. நீங்க மட்டுந்தான் சம்பளம் வாங்கிட்டு எழுதி வைக்கறீங்க."

"எழுதறது வேற ஆளு. நான் கோடு மட்டுந்தான் போடறேன்."

"காத்துக்குக் கோடா?"

"உன் அண்ணன் தண்ணிக்குப் பம்பு போடறார்ல, அது மாதிரி."

"தண்ணியையாவது குடிக்கலாம் அண்ணி."

பள்ளத்தை மேடம் கண்டுபிடித்தது வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஏறிக்கொண்டே போகும் கோடு ஓரிடத்தில் லேசாக இறங்கியது. வாயு உண்டாகுமே தவிரத் திரும்பிப் போகாது. எனவே கோடு இறங்கவே கூடாது. எண்ணைப் படித்தவரின் தவறு என்று மேடம் நினைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கேட்டபோது, "நான் என் சம்சாரத்து மூஞ்சியைக்கூட இவ்வளவு உத்துப் பார்த்தது கிடையாது மேடம்" என்றார். மேடம் பழைய எண்களை எடுத்துப் பார்த்தார். எல்லா ஓட்டத்திலும் பள்ளம் இருந்தது. முதல் நாள் நடுப்பகல், மறுநாள் நடுப்பகல், அதற்கும் மறுநாள் நடுப்பகல். சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும்.

இன்னொன்றும் கண்டார். தீவனமே போடாமல் சாறு மட்டும் ஊற்றிய சிரிஞ்சுகள் சில எப்போதும் இருக்கும். சாறு தானாக விடும் வாயுவைக் கழிப்பதற்காக வைப்பவை அவை. அவற்றில் பள்ளம் மிகச் சிறிதாக இருந்தது. தீவனம் போட்டவற்றில் பெரிதாக இருந்தது. அப்படியென்றால் பள்ளத்துக்குக் காரணம் தீவனத்தைத் தின்பவைதான் என்று முடிவுகட்டினார்.

ஜன்னலுக்கு இரண்டாம் தீனி வைப்பது நடுப்பகலில். மேடம் யோசித்து யோசித்து ஒரு விளக்கத்துக்கு வந்தார். பசுவின் வயிற்றில் இருந்தபோது நுண்ணுயிர்களுக்கு நடுப்பகலில் புதுத் தீனி வந்து பழக்கம். கண்ணாடிக்குள் அடைத்த பிறகும் அந்த நேரம் அவற்றுக்கு மறக்கவில்லை. நடுப்பகல் வந்ததும் கையில் இருப்பதை விட்டுவிட்டு, தீனி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. இதைத் தன் கணக்கில் நாலாவது எண்ணாகச் சேர்த்தார். காத்திருப்பு எண் என்று அதற்குப் பெயர் வைத்தார்.

கணவரிடம் சொன்னபோது அவர், "மாட்டுக்கு மணி பார்க்கத் தெரியும்னு சொல்றியா?" என்று கேட்டார்.

"மாட்டுக்கு இல்ல. அது வயித்துக்குள்ள இருக்கறதுங்களுக்கு."

"நம்ம வீட்ல உன் தம்பி வந்து தங்கினா சாப்பாட்டு நேரத்துக்கு வாசலையே பார்ப்பானே, அது மாதிரியா?"

"அதே மாதிரிதான். ஆனா இதுங்க தொந்தரவு பண்ணாதுங்க."

நாலாவது எண்ணைச் சேர்த்ததும் கோடு புள்ளிகளின் மேல் உறைமாதிரிப் பொருந்தியது. இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. போகிற கூட்டத்திலெல்லாம் அதைப் பற்றியே பேசினார். வேறு எந்த நிலையத்திலும் அப்படி ஒரு பள்ளம் தெரியவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, "அவங்களுக்குப் பார்க்கத் தெரியல" என்றார்.

பிறகு மேலிடத்திலிருந்து ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. தற்காலிக வேலைகளில் எதை நிரந்தரமாக்குவது, எதை மூடுவது என்று முடிவு செய்யும் குழு. இயக்குநர் மேடத்தைக் கூப்பிட்டார்.

"பாருங்கம்மா, மூணு எண் கண்டுபிடிக்கறதுக்கு இப்ப மென்பொருள் வந்தாச்சு. பொத்தானை அமுக்கினா அதுவே சொல்லும். நாலாவது எண்ணுக்குத்தான் நீங்க வேணும். அதை மட்டும் நல்லா எடுத்துச் சொல்லிட்டீங்கன்னா வேலை நிரந்தரம்."

"சொல்லலேன்னா?"

"ஏன் சொல்லாம?"

குழுவுக்குக் காட்ட, கை படாத புது ஓட்டம் ஒன்று வேண்டும் என்று அந்த வாரமே தொடங்கினார்கள். வாரத்தின் நடுவில் ஒரு பொது விடுமுறை வந்தது. மூக்குக்கண்ணாடி ஊருக்குப் போகவேண்டும் என்றார். "நானே வந்து படிச்சுக்கறேன்" என்றார் மேடம். அவர் கீழ்த்தளத்துச் சூட்டுப்பெட்டியைக் கையால் தொட்டது அன்றுதான் முதல் தடவை.

இனி வருவது நான் நேரில் பார்த்ததல்ல. அவரே எனக்குச் சொன்னது. கட்டடத்தில் காவலாளியைத் தவிர யாரும் இல்லை. நடுப்பகல் ஆனது. கதவின் கண்ணாடி வழியாகப் படித்தார். பள்ளம் இல்லை. இன்னொரு தடவை படித்தார். சூடு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். சக்கரம் சுற்றுகிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தண்டுகள் எல்லாம் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தன. இன்றைக்கு விடுமுறை என்று இவற்றுக்கு யார் சொன்னது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

மனது சரியில்லாமல் மாடிக்குப் போய்ச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். உருளைக்கிழங்கு கல்லாக இருந்தது. அது குளிர்காலம், எங்கள் மாடி எப்போதுமே பனிக்கட்டி மாதிரி இருக்கும். ஆனாலும் இத்தனை வருடத்தில் அவருடைய சாப்பாடு ஒருநாள்கூட ஆறியிருந்ததில்லை. வீட்டுக்குத் தொலைபேசி செய்தார்.

"ஏங்க, இன்னிக்கு ஆறவிட்டுக் கட்டிட்டீங்களா?"

"எப்பவும் போலத்தான் கட்டினேன்."

"எப்பவும் சூடா இருக்குமே."

"அது என் கைப்பக்குவம்."

"இன்னிக்குக் கைப்பக்குவம் எங்க போச்சு?"

"மூடி சரியா போடலையோ என்னவோ" என்றார் கணவர்.

மேடம் தொலைபேசியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமாக இருக்கும் இரண்டு விஷயங்கள் இன்று இல்லை. கோட்டில் பள்ளம் இல்லை, சோற்றில் சூடு இல்லை. இரண்டும் ஒரே நாளில் காணாமல் போயிருக்கின்றன. கணக்குப் படித்தவர், அதற்குமேல் அவருக்கு வேறு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்த ஆறின சாப்பாட்டை முழுவதும் சாப்பிட்டதாகச் சொன்னார். வீணாக்கப் பிடிக்கவில்லையாம்.

மறுநாள் காலை நேராகக் கீழே போனார். ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியை எல்லாரும் அக்கா என்போம். காலையில் எல்லாருடைய பெட்டியையும் வாங்கி வைத்து, சாப்பாட்டு வேளையில் அவரவர் மேசைக்குக் கொண்டுவந்து கொடுப்பவர் அவர்தான்.

"அக்கா, எங்க சாப்பாட்டை எங்க வைக்கறீங்க?"

"ஏன் மேடம், சூடு பத்தலையா?"

"எங்க வைக்கறீங்க?"

"காலைல அலமாரில வைப்பேன். பன்னெண்டு மணிக்கு எடுத்து இதுக்குள்ள வைப்பேன்." சூட்டுப்பெட்டியைக் கைகாட்டினார். "உங்களுது மேல் தட்டு. நல்ல இடம். வேணும்னா நடுத் தட்டுக்கு மாத்தறேன்."

"யார் சொல்லி வைக்கறீங்க?"

"யாரு சொல்லணும்? சூடு சும்மாதானே கிடக்கு."

அன்று நடுப்பகலில் மேடம் கீழேயே நின்றார். அக்கா கதவை அகலத் திறந்தார். சில்லென்றிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக, யாருக்கு எந்தத் தட்டு என்று பார்த்துப் பார்த்து அடுக்கினார். சிரிஞ்சுகளுக்குள் இருந்த வாயு குளிர் பட்டுச் சுருங்கியது. தண்டுகள் கண் முன்னாலேயே இறங்கின. வாயு அதிகமுள்ள சிரிஞ்சில் அதிகம், சாறு மட்டும் உள்ளதில் கொஞ்சம். அக்கா கதவைச் சாத்திய கையோடு மூக்குக்கண்ணாடி வந்து, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, பள்ளத்தைப் படித்து எழுதினார்.

"உங்களுக்கு இது தெரியுமா?" என்று மேடம் கேட்டார்.

"பெட்டி வைக்கறதா? தெரியுமே. என்னுது நடுத் தட்டு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க தண்டு எங்க நிக்குதுன்னுதானே கேட்டீங்க. தட்டுல என்ன இருக்குன்னு கேக்கலியே மேடம்."

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, விஷயம் கேள்விப்பட்டு நாத்தனார் கிழமை பார்க்காமல் வந்துவிட்டார்.

"அப்ப இத்தனை வருஷமா என் கைப்பக்குவம்னு சொன்னது?" என்று கணவர் கேட்டார். அவருக்கு அதுதான் முதல் அடி.

"மாட்டுச் சூடு."

"வெளில சொல்லாதே."

"எதை? உங்க கைப்பக்குவத்தையா, என் நாலாவது எண்ணையா?"

"ரெண்டையுந்தான். நீ சொல்லலேன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

"லீவு நாள்ல ஓட்டம் வைக்கற எவனுக்கும் தெரியும்."

"லீவு நாள்ல எவன் வைப்பான்?"

"நான் வச்சேனே."

"சொல்லிட்டா வேலை போயிடுமா அண்ணி?" என்றார் நாத்தனார்.

"போயிடும். மூணு எண்ணுக்கு நான் தேவையில்ல."

நாத்தனார் எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். அந்தக் குடும்பத்தில் அது பெரிய அனுதாபம்.

குழு வந்த அன்று கூட்டக் குறிப்பு எழுத நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். குழுத் தலைவர் ஒரு மூத்த கால்நடை மருத்துவர், சிரித்துப் பழக்கமில்லாத அம்மையார். இயக்குநர் காத்திருப்பு எண்ணைப் பற்றி நீளமாக ஒரு முன்னுரை சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மேடம் எழுந்து சுவரில் இரண்டு கோடுகளைக் காட்டினார். ஒன்றில் பள்ளம் இருந்தது. மற்றது விடுமுறை நாள் கோடு.

"லீவு நாள்ல பள்ளம் இல்லையா?" தலைவர் முன்னால் சாய்ந்தார். "நுண்ணுயிருக்கும் லீவா?"

"அதுங்களுக்கு இல்லம்மா. நமக்கு."

பிறகு சாப்பாட்டுப் பெட்டி விஷயத்தை, கோடு போடுவது மாதிரியே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். நாலாவது எண்ணைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று முடித்தார். இயக்குநரின் முகத்தைப் பார்க்க எனக்கு மனது வரவில்லை. அதனால் குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெட்டியும் அதற்குள்தான் இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இயக்குநர் மெல்ல, "என் பெட்டியுமா?" என்று கேட்டார்.

தண்ணீர் கொடுக்க வந்திருந்த அக்கா பதில் சொன்னார். "உங்களுது சக்கரத்துக்குப் பக்கத்துல சார். அங்கதான் சூடு ஒரே சீரா இருக்கும்."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எங்களுக்கு வாங்கி வச்ச சாப்பாடு இப்ப எங்க இருக்கு?"

"நடுத் தட்டுலம்மா" என்றார் அக்கா. "விருந்தாளிங்களாச்சே."

எல்லாரும் கீழே இறங்கிப் போனோம். தலைவர் கதவைத் திறக்கச் சொல்லி, தண்டுகள் இறங்குவதைத் தானே பார்த்தார். பிறகு கேட்டார். "எவ்வளவு நாளா நடக்குது?"

"இந்தச் சூட்டுப்பெட்டி வந்ததிலேருந்தும்மா" என்றார் அக்கா.

"அப்ப இந்த நிலையம் இதுவரைக்கும் கொடுத்த எல்லா முடிவுலயும் நடுப்பகல் எண் தப்பு."

தலைவர் இயக்குநரைப் பார்த்தார்.

"இதையெல்லாம் யார் திருத்தறது? உங்க மென்பொருளா?"

"அதுக்குப் பெட்டி இருந்தது தெரியாதே" என்றார் இயக்குநர்.

தலைவர் மேடத்தின் பக்கம் திரும்பினார். "பள்ளத்தோட ஆழத்தை வச்சு உள்ள எத்தனை சாப்பாடு இருந்துச்சுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"கிட்டத்தட்ட சொல்லிடலாம். இயக்குநர் வெளியூர் போற அன்னிக்குக் குறையுது."

அந்த அம்மையார் அப்போது சிரித்தார் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். சிரிக்கவில்லை. மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார், அவ்வளவுதான்.

வேலை நிரந்தரமாகவில்லை. பழைய முடிவுகள் அனைத்தையும் திருத்தி முடிக்கும்வரை மேடம் வேலையில் இருக்கலாம், இடையில் புதுப்பிக்கத் தேவையில்லை என்று ஆணை வந்தது. பழைய முடிவுகள் ஓர் அறை நிறைய இருந்தன. அவர் ஓய்வு பெறும் வயது வந்தபோதும் அந்த அறையில் ஒரு சுவர் மிச்சமிருந்தது. அவர் வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார் என்று மூக்குக்கண்ணாடி சொல்லுவார். அதை நான் ஏற்கமாட்டேன். அவர் எப்போதுமே மெதுவாகத்தான் செய்வார்.

சூட்டுப்பெட்டிக்குப் பூட்டுப் போட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் நாங்கள் எல்லாரும் ஆறின சாப்பாடு சாப்பிட்டோம். மேடத்தோடு சாப்பாட்டு நேரத்தில் யாரும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அவருக்கு எங்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருந்தன. ஒவ்வொரு பழைய ஓட்டத்தையும் திருத்த, அன்று உள்ளே எத்தனை பெட்டி இருந்தது என்று தெரியவேண்டும். கணக்கில் ஓர் எண் வரும். அதை எங்கள் வாயால் சரிபார்ப்பார்.

"அந்த வருஷம் மழைக்காலத்துல ஒரு வாரம் பள்ளம் குறைஞ்சிருக்கு. பெட்டி கொண்டு வரலியா?" என்று மூக்குக்கண்ணாடியைக் கேட்டார்.

"அந்த வாரம் வீட்ல சண்டை மேடம். சோறே கிடையாது."

"நல்லது. சரியா வருது" என்று குறித்துக்கொண்டார்.

இயக்குநர் அறைக்கும் போனார். பூட்டுப் போட்டதிலிருந்து அவர் மேடத்தோடு அளவாகத்தான் பேசுவார்.

"சார், போன வருஷக் கோடை. அப்ப நீங்க பெட்டி கொண்டு வந்தீங்களா?"

"போன கோடையா? இல்லையே. உடம்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் மதியச் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லியிருந்தார். பட்டினிதான் இருந்தேன். என் சம்சாரத்தை வேணும்னாலும் கேளுங்க."

மேடம் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "பள்ளம் குறையலியே சார். கொஞ்சம் கூடியிருக்கு."

இயக்குநர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சரி, எழுதிக்கோங்க" என்றார். "ரெண்டு பெட்டி."